‘சார்’ என்னும் சொல்லும் வகுப்பறைச் சாதியும்

பள்ளியில் ஆசிரியரை மாணவர் எவ்வாறு அழைக்க வேண்டும் என்பது கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பொது விவாதமானது. 2021இல் பாலக்காடு மாவட்டத்தின் மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்னும் சொற்களைக் கைவிடத் தீர்மானித்தது. 2023 ஜனவரியில் அம்மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், ஆண் பெண் வேறுபாடின்றி ஆசிரியர் அனைவரையும் ‘டீச்சர்’ என்றே அழைக்கச் செய்யுமாறு பணித்தது. பாலின சமத்துவமே அதன் நோக்கம். தமிழ்நாட்டில் இதே கேள்வியை எழுப்பும்போது, சாதியையும் சேர்த்தே நாம் பேச வேண்டியிருக்கிறது.

பட்டத்திலிருந்து பாடத்திற்கு

‘சாமி’, ‘ஆண்டை’, ‘எசமான்’ என்று அழைக்கும்படி ஒடுக்கப்பட்ட மக்கள் தலைமுறைகளாகக் கட்டாயப்படுத்தப்பட்டனர். பதிலுக்கு, நரைத்த தலையினரும் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களிடமிருந்து ‘அடே’ என்பதையே பெற்றனர். யார் யாரை எப்படி அழைப்பது என்பதை வயதோ கல்வியோ முடிவு செய்யவில்லை. பிறப்பே முடிவு செய்தது.

ஆசிரியர்களும் ஒரு காலத்தில் ‘ஐயர் வாத்தியார்’, ‘முதலியார் வாத்தியார்’ எனச் சாதியாலேயே அறியப்பட்டனர். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. அதன் பின் அப்பட்டங்கள் தமிழகப் பொதுவாழ்வில் படிப்படியாகக் குறைந்தன. இன்று ‘கணக்கு சார்’, ‘அறிவியல் மிஸ்’, ‘தமிழ் ஐயா’ என, கற்பிக்கும் பாடமே ஆசிரியரின் அடையாளமாக இருக்கிறது.

‘சார்’ ஆங்கிலேய ஆட்சி விட்டுச்சென்ற சொல் என்பது உண்மை. எனினும் அதை அக்காரணத்திற்காக மட்டும் நாம் தள்ளிவிட இயலாது. கரும்பலகையின் முன் நிற்பவர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று அச்சொல் கேட்பதில்லை. ஆண்டையின் பேரன், சேரியிலிருந்து வந்த ஆசிரியரை எழுந்து நின்று அழைக்க வேண்டிய சொல் அது.

ஆகவே, அச்சொல் எவருக்கு மறுக்கப்படுகிறது என்பதையே நாம் கவனிக்க வேண்டும். பிறரை ‘சார் வந்தார்’ எனக் குறிப்பிடும் நாக்கு, தலித் ஆசிரியரை மட்டும் முதுகுக்குப் பின்னால் ‘வந்தான்’ என்கிறதென்றால், அதைப் பிள்ளைகளின் குறும்பாகக் கொள்ள முடியாது. அந்த வேறுபாட்டை மாணவர் வீட்டிலும் ஊரிலும் கேட்டுப் பழகுகின்றனர். ஆசிரியர் அறையிலேயே அது ஒலிக்குமானால், பள்ளியும் அதைக் கற்பிக்கிறது.

மறுமுனையில் மாணவர்

அழைப்பு ஒருவழிப் பாதையன்று. மாணவர் ‘நீங்கள்’ என்கிறார். ஆசிரியர் ‘நீ’ என்கிறார். வயதின் பொருட்டு இதை ஏற்போர் உண்டு. ஆனால் கல்வி உதவித்தொகைப் படிவம் வழங்கும் நாளில் ‘எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்று சொல்வதும், ‘காலனிப் பசங்க’ என்று பிரித்துப் பேசுவதும் எவ்வகையிலும் ஏற்கத்தக்கவையல்ல. மாணவரின் உரிமையான உதவித்தொகை, அவரை வகுப்பின் முன் அடையாளம் காட்டும் கருவியாகிவிடுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். உடன் பயின்ற மாணவர்களே அத்தாக்குதலில் ஈடுபட்டனர். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, வகுப்பாசிரியர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும்.

சட்டமும் நம் பணியும்

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயரால் இழிவாகப் பேசுவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

சட்டம் கொடிய வசவைத் தண்டிக்கும். அன்றாடப் பேச்சில் மறைக்கப்படும் மரியாதையை அதனால் எட்ட முடியாது. அங்கேதான் மாணவர் அமைப்புகளுக்கும் பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. உதவித்தொகை விவரங்களைத் தனித்தனியே தெரிவிக்கும்படி தலைமையாசிரியரிடம் கோரலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் அழைப்புச் சொற்கள் குறித்த புகார்களைப் பதிவு செய்யலாம். ‘சார்’ என்பதா, ‘டீச்சர்’ என்பதா, ‘ஐயா’ என்பதா என்பதை ஒவ்வொரு பள்ளியும் முடிவு செய்துகொள்ளட்டும். எச்சொல்லாயினும், அப்பள்ளியின் எல்லா ஆசிரியருக்கும் அது ஒரே மரியாதையுடன் சென்று சேர வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.