ஒவ்வாமை, நீரிழிவு, ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் ஹாலோவீன் உலாவும்: வழியைத் திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று மாலை, குழந்தைகள் மாறுவேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்புகள் பெறுவது வழக்கம். ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’ எனப்படும் இந்த உலாவில், அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளும் பள்ளித் தோழர்களுடன் ஆர்வமாகக் கலந்துகொள்கின்றனர். குழந்தைக்கு உணவு ஒவ்வாமை, முதல் வகை நீரிழிவு அல்லது ஆஸ்துமா இருந்தால், அனுப்பலாமா என்று பெற்றோர் தயங்குவது இயல்பே. நோய் கட்டுப்பாட்டில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகள் மகிழ்ச்சியாகச் சென்று வரலாம். எந்த வழியில் நடப்பது, எப்போது உண்பது, மருந்து யாரிடம் இருப்பது ஆகிய மூன்றையும் முன்னதாகவே முடிவு செய்துவிட வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுத்தல்

அன்று மாலை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பெரிய ஆபத்து வாகனங்களே. அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான 42 ஹாலோவீன் மாலைகள், அவற்றுக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வந்த மாலைகளுடன் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி உயிரிழக்கும் அபாயம் 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. 4 முதல் 8 வயதுக் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு மிக அதிகமாகக் காணப்பட்டது.

ஆகவே, நடைபாதையும் தெருவிளக்கும் உள்ள, வாகன நடமாட்டம் குறைந்த குடியிருப்புத் தெருக்களையே தேர்ந்தெடுங்கள். முந்தைய நாள் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவின் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பின்னர், சந்திப்பில் ஒரே முறை கடந்து மறுபக்கம் வழியாகத் திரும்புங்கள். இங்குமங்கும் குறுக்கே ஓடும் தேவை இதனால் குறையும். நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும். வாசல் விளக்கு எரியும் வீடுகளுக்கு மட்டுமே செல்லுங்கள். விளக்கு அணைந்திருந்தால் அவ்வீட்டார் பங்கேற்கவில்லை என்று பொருள்.

சிறு குழந்தைகளுக்கு உலா குறுகியதாக இருப்பதே நல்லது. வழியின் நடுப்பகுதி உங்கள் வீட்டையோ, தெரிந்த ஒருவர் வீட்டையோ ஒட்டி அமையட்டும். நீர் அருந்தவும், கழிப்பறை செல்லவும், சர்க்கரை அளவைப் பார்க்கவும், களைத்தால் உலாவை முடித்துக்கொள்ளவும் அது உதவும். ஆடையில் ஒளி பட்டால் மின்னும் பட்டையை ஒட்டுங்கள். பார்வையை மறைக்கும் முகமூடியையும் கால் தடுக்கும் நீண்ட ஆடையையும் தவிர்க்கவும்.

உணவு ஒவ்வாமை உள்ள குழந்தை

‘சேகரிப்பது வழியில், உண்பது வீட்டில்’ என்ற விதியைக் குழந்தைக்கு முன்னதாகவே சொல்லிப் பழக்குங்கள். புறப்படும் முன் வயிறார உணவளித்தால் இவ்விதியைக் காப்பது எளிது. சிறிய பொட்டலங்களில் பல நேரங்களில் சேர்மானப் பட்டியல் அச்சிடப்பட்டிருக்காது. ஒரே பெயரில் வரும் இனிப்பின் சிறிய அளவிலும் பெரிய அளவிலும் சேர்மானங்கள் வேறுபடலாம். பட்டியலைப் படிக்க முடியாத இனிப்பைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணிக்காய் வாசலில் இருந்தால், அவ்வீட்டில் உணவல்லாத சிறு பொம்மை, வண்ணப் பென்சில் போன்றவையும் கிடைக்கும். இவ்வழக்கம் 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவியது. அத்தகைய வீடுகளை முன்னரே கேட்டறிந்து வழியில் சேருங்கள். பழக்கமான அண்டை வீட்டார் இருவரிடம் உங்கள் குழந்தைக்கு ஏற்ற இனிப்பை முன்கூட்டியே கொடுத்து வைப்பதும் நல்ல ஏற்பாடு.

மருத்துவர் எபிநெஃப்ரின் தானியங்கி ஊசி பரிந்துரைத்திருந்தால், இரண்டு ஊசிகள் குழந்தையுடன் நடக்கும் பெரியவரிடம் இருக்க வேண்டும். காரில் விட்டுச் செல்லாதீர்கள். கடுங்குளிரும் வெப்பமும் மருந்தைப் பாதிக்கும். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், நாக்கு வீக்கம், மயக்கம், அல்லது தோல் தடிப்புடன் தொடர் வாந்தி ஏற்பட்டால், உடனே ஊசியைச் செலுத்தி 911-ஐ அழையுங்கள். ஒவ்வாமை மாத்திரையோ மருந்துநீரோ இந்த ஊசிக்கு மாற்றாகாது. அறிகுறிகள் தணிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவை மீண்டும் தோன்றக்கூடும்.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை

அன்று இனிப்பால் சர்க்கரை ஏறுவதைப் பற்றியே பலரும் கவலைப்படுவர். ஆனால் நெடுநேரம் நடப்பதாலும் ஓடுவதாலும் சர்க்கரை அளவு குறையவும் கூடும். புறப்படும் முன்னும், நடுவழியிலும், உறங்கும் முன்னும் அளவைப் பாருங்கள். மாறுவேட ஆடை இன்சுலின் பம்பையோ சர்க்கரை உணரியையோ எட்ட முடியாதபடி மறைக்கக் கூடாது.

நடுக்கம், வியர்வை, திடீர் எரிச்சல், குழப்பம் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகளாகும். மாறுவேட உற்சாகத்தில் இவை கவனத்துக்கு வராமல் போகலாம். அப்போது குளுக்கோஸ் மாத்திரை அல்லது பழச்சாறு கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் அளவைப் பாருங்கள். பையில் சாக்லேட் நிறைய இருந்தாலும் அது இதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குழந்தை மயங்கினால் வாயில் எதையும் கொடுக்காமல், மருத்துவர் பரிந்துரைத்த குளுககானைக் கொடுத்து 911-ஐ அழையுங்கள். வீடு திரும்பிய பின் உண்ணும் இனிப்புக்கான இன்சுலினை, மருத்துவர் வகுத்த கணக்கின்படி கொடுக்கலாம்.

ஆஸ்துமா உள்ள குழந்தை

குளிர்காற்று, ஓட்டம், அலங்காரத்துக்காக விடப்படும் செயற்கைப் புகை ஆகியவை மூச்சிரைப்பைத் தூண்டலாம். புகை சூழ்ந்த வாசல்களைத் தவிர்த்து நடங்கள். உடனடி நிவாரண இன்ஹேலரையும், பயன்படுத்தினால் ஸ்பேசரையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

புறப்படும் முன்

உடன் செல்பவர் நண்பரின் பெற்றோராக இருந்தால், மருந்து எங்கே உள்ளது, எப்படிக் கொடுப்பது என்பதை நேரில் செய்து காட்டுங்கள். வழியையும் திரும்பும் நேரத்தையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள். மருந்தின் அளவில் ஐயம் இருந்தால், உங்கள் குழந்தையின் மருத்துவரிடம் அந்த வாரத்திலேயே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.