ரிட்டயர் ஆயாச்சா? வாரம் ஒரு தலைப்பு... பத்தே படம்!

“டாக்டர், எனக்கு எந்த வியாதியும் இல்லை. ஆனா உடம்புதான் சரியில்லை!”

இப்படிச் சொல்லிக்கொண்டே எதிரில் வந்து உட்கார்ந்தார் அந்த நண்பர். வயது 61. ஓர் அலுவலகத்தில் 34 வருடம் ஃபைல்களோடு குடித்தனம் நடத்தியவர். ரிட்டயராகி ஏழு மாதம். ராத்திரி தூக்கமில்லை, காலையில் மலச்சிக்கல், மத்தியானம் கால் குடைச்சல், சாயங்காலம் காரணமில்லாத எரிச்சல்.

கூட வந்திருந்த அவர் மனைவி ஆரம்பித்தார்: “மருந்தெல்லாம் அப்புறம் டாக்டர். முதல்ல இவருக்கு ஏதாவது வேலை கொடுங்க. பால் பாக்கெட் எத்தனை மணிக்கு வந்துச்சுங்கறதுல ஆரம்பிச்சு, தாளிக்க எத்தனை மிளகாய் கிள்ளிப் போட்டேங்கற வரைக்கும் ஆபீஸ் மாதிரி கணக்குக் கேக்கறாரு!”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “என்ன டாக்டர் பண்றது? எட்டு மணிக்குக் குளிச்சு சட்டையைப் போட்டுக்கறேன். அப்புறம் போறதுக்கு இடமில்லையே...” என்றார். குரல் கம்மியது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இந்தக் குரல் பழக்கமானதாக இருக்கும். உங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஏன், உங்கள் குரலாகவே இருக்கலாம்!

வேலைக்குப் போன காலத்தில் எழுவது, நடப்பது, பசிப்பது, தூங்குவது எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருந்தது. ரிட்டயரான மறுநாள் அந்தக் கடிகாரம் நின்றுபோகிறது. வெளியே போக வேலையில்லை, நடை குறைகிறது. நடை குறைந்தால் மலம் கட்டுகிறது. பொழுது போகாமல் பகலில் இரண்டு மணி நேரம் கண் அயர்கிறார்கள்; ராத்திரி தூக்கம் வருமா? ‘பிணியணுகா விதி’யில் பகல் தூக்கம் கூடாது என்று தேரையர் சொல்லி வைத்தது சும்மா இல்லை.

அவருக்கு இரவில் வெந்நீரில் திரிபலா சூரணம் எழுதிக் கொடுத்தேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். “சார், உங்க செல்போன்ல கேமரா இருக்கில்ல? நாளைக் காலை ஏழு மணிக்கு வெளியே போய்ப் பத்தே பத்து போட்டோ எடுத்துட்டு வாங்க. இந்த வாரத் தலைப்பு: மஞ்சள்!”

என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஆனால் போனார்.

தலைப்பு எதற்கு?

‘சும்மா போய் எதையாவது படம் எடுங்கள்’ என்றால் இரண்டு நாளில் அலுத்துவிடும். ‘மஞ்சள்’ என்று சொல்லிப் பாருங்கள்... கண் தேட ஆரம்பித்துவிடும். ஆவாரம்பூ, எலுமிச்சை, ஆட்டோவின் கூரை, வாசற்படியில் பூசிய மஞ்சள், பூக்காரம்மா கூடையில் சாமந்தி! இருபது வருடமாக நடந்த தெருவில் இதெல்லாம் இருந்ததே தெரியாமல் இருந்திருப்போம். தேடிக்கொண்டே போவதால் நடக்கிற களைப்பு தெரியாது. காலை வெளிச்சம் கண்ணில் படுவதால் உடம்பின் கடிகாரம் சீராகி, ராத்திரித் தூக்கமும் நேரத்துக்கு வரும்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது பார்ப்பதற்குத்தான். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு. இதில் பாதிக்குமேல் கண்ணால் பார்த்து அறிவது. பார்வையைப் பழக்கினால் அது கூர்மையாகும் என்பது என் அனுபவம். கேமராவும் அதைத்தான் செய்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், டல்லாஸ் வளாகத்தில் டெனிஸ் பார்க் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் 60 முதல் 90 வயது வரையுள்ளவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்கு டிஜிட்டல் போட்டோகிராபி, சிலருக்கு ஒட்டுத் துணித் தையல், சிலருக்கு இரண்டும். வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார்கள். வேறு சிலர் கூடிப் பேசி, ஊர் சுற்றி வந்தார்கள். இன்னும் சிலர் வீட்டிலேயே பாட்டு, வார்த்தைப் புதிர் என்று பொழுதைக் கழித்தார்கள். புதிதாக ஒன்றைக் கற்றவர்களுக்கே நினைவாற்றல் அதிகம் முன்னேறியது. 2014-ல் இது வெளியானது. இதனால் மறதி நோயே வராது என்று அர்த்தமில்லை. ஆனால் சும்மா பொழுதுபோக்குவதைவிட, கொஞ்சம் மண்டையைக் குடைந்து கற்றுக்கொள்வது மூளைக்கு நல்லது என்பது புரிகிறதல்லவா?

“இந்த வயசுல என்னத்தைக் கத்துக்கறது?” என்கிறீர்களா? ஜப்பானின் குமாமோட்டோவில் கிமிகோ நிஷிமோட்டோ என்ற பாட்டி இருந்தார். 72 வயதில்தான் கேமராவைத் தொட்டார். குப்பைப் பைக்குள் புகுந்து உட்கார்ந்தது மாதிரி, துணிக்கொடியில் தொங்குகிற மாதிரி என்று தன்னையே வேடிக்கையாகப் படம் எடுத்து உலகத்தைச் சிரிக்க வைத்தார். 97 வயது வரை வாழ்ந்து 2025-ல்தான் மறைந்தார்.

ஆறு வாரம்... ஆறு தலைப்பு!

முதல் வாரம், ஒரே நிறம். மஞ்சளோ சிவப்போ நீலமோ, ஒன்றே ஒன்று.

இரண்டாம் வாரம், நிழல். காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் நிழல் நீளமாக விழும். உச்சி வெயிலில் அலைய வேண்டாம்.

மூன்றாம் வாரம், கைகள். பூத் தொடுக்கும் கை, மாவு பிசையும் கை, தைக்கிற கை. வெளியாட்களிடம் அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். அந்தச் சாக்கில் நாலு பேரோடு பேச்சும் நடக்கும்.

நான்காம் வாரம், தெருவோர மூலிகை. குப்பைமேனி, கீழாநெல்லி, துளசி, தூதுவளை... பெயரோடு எடுங்கள். படம் எடுங்கள் என்றுதான் சொன்னேன். தெரியாத செடியைப் பறித்துத் தின்று பார்க்காதீர்கள்!

ஐந்தாம் வாரம், ஒரே ஜன்னல். மூட்டு வலிக்காரர்களுக்கு இது ஏற்றது. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஜன்னல் வழியே வெவ்வேறு நேரத்தில் எடுங்கள்.

ஆறாம் வாரம், அன்றும் இன்றும். பழைய ஆல்பத்தில் ஒரு படத்தை எடுத்து, அதே இடத்தில், அதே ஆட்களோடு மறுபடி எடுங்கள். பேரப்பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு உதவுவார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரு நாளைக்குப் பத்துப் படம்தான். அந்தக் காலத்தில் ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்தோமே, அந்தச் சிக்கனம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து அந்த வாரத்தின் சிறந்த படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏன் அது என்று சொல்லவும் வேண்டும். இதற்காகப் பி.எஃப். பணத்தில் பெரிய கேமரா வாங்க வேண்டாம். கையிலிருக்கும் செல்போன் போதும்.

வட்டம் சொன்ன சேதி

நம் நண்பர் கதைக்கு வருவோம். ஒன்பதாவது வாரம் அவராகவே ‘விளக்கு’ என்று ஒரு தலைப்பு வைத்துக்கொண்டார். மறுவாரம் போனோடு வந்தார். முகத்தில் ஏமாற்றம்.

“டாக்டர், தெருவிளக்கைச் சுத்தி ஒரு வட்டம் தெரியுது பாருங்க, அது அழகா இருக்கு. ஆனா போட்டோவுல வரவே மாட்டேங்குது. எந்த செட்டிங் மாத்தணும்?”

எனக்குச் சுரீரென்றது. படத்தைப் பார்த்தேன், விளக்கு தெளிவாக இருந்தது. “சார், வட்டம் விளக்குல இல்லை. உங்க கண்ணுல இருக்கு!” என்றேன்.

விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது கண்புரையாக இருக்கலாம். கண் நீர் அழுத்த நோயாகவும் இருக்கலாம். இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டால் போன பார்வை திரும்பாது. உடனே கண் மருத்துவரிடம் அனுப்பினேன். நல்லவேளை, கண்புரைதான். நான் சித்த மருத்துவன். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன். முற்றிய கண்புரையை எந்த எண்ணெயும், எந்தச் சொட்டு மருந்தும் கரைக்காது. ஆபரேஷன்தான் வழி. செய்துகொண்டார்.

அதன்பின் ஒருநாள் மனைவியோடு வந்தார். “டாக்டர், வானம் இவ்வளவு நீலமா? எனக்கு யாருமே சொல்லலையே!” என்றார். புரை விழுந்த கண்ணாடி பழுப்பேறி நீலத்தை மங்கடித்திருந்தது. அது போனதும் நிறம் திரும்பிவிட்டது. அந்த வாரம் அவர் எடுத்த பத்துப் படமும் நீலம்! பத்தாவதில் அவர் மனைவி, நீலப் புடவையில், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். “முப்பது வருஷத்துல இவரு என்னைத் தனியா எடுத்த முதல் படம் இதான்” என்றார் அந்த அம்மா. இப்போது மிளகாய்க் கணக்கு கேட்பதில்லையாம்!

இதையும் கவனியுங்கள்

திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்காதீர்கள். இந்த வயதில் ஒரு சறுக்கல் இடுப்பெலும்பையே முறித்துவிடும். நின்று, பார்த்து, பிறகு எடுங்கள்.

பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் குனிந்து உட்கார்ந்து எடுத்தால், சட்டென்று எழ வேண்டாம். தலை சுற்றும். எதையாவது பிடித்து மெதுவாக எழுந்திருங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் போகக்கூடாது. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். பையில் இரண்டு பிஸ்கட், தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். போட்டோ எடுக்கிறோம் என்று வழக்கமான மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசி தூக்கம் கெட்டு, ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று தோன்றினால், அது பொழுது போகாத குறை அல்ல, மனச்சோர்வு நோய். மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, நாளைக் காலை ஏழு மணி. செருப்பை மாட்டிக்கொண்டீர்களா? உங்கள் முதல் தலைப்பு: மஞ்சள்!