கம்பி முதலில், காற்று பிறகு

கேரள அரசுப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி என்றாலே லினக்ஸ்தான். 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் நாளடைவில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அதன் வழிவந்த கைட் நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸைப் பள்ளிகளுக்கு அளிக்கிறது. விலை கிடையாது, வீட்டு லேப்டாப்பிலும் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் போட்டதும் சிலருக்கு வைஃபை வருவதில்லை. உடனே, "லினக்ஸ் சரிப்படாது" என்று அழித்துவிடுகிறார்கள். சித்தூர் முதல் மூணாறு வரை, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய இழப்பல்ல. 2020 ஜூன் 1 முதல் வகுப்புகள் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகவும் இணையம் வழியாகவும் நடந்தபோது, சிக்னல் தேடி மேடேறிய எஸ்டேட் பிள்ளைகளை நாம் மறக்கவில்லை.

ரயில்வேயில் பழுதைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகத் தேடுவோம்; நடுவில் தாவமாட்டோம். இங்கும் அதே முறைதான். முதலில் கம்பி இணைப்பு.

ரூட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிளை லேப்டாப்பில் செருகுங்கள். துளையருகே சிறு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். விளக்கு எரிந்தும் இணையம் வராவிட்டால், செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, ஐ.பி.வி.4 என்ற இடத்தில் 'ஆட்டோமேட்டிக்' இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டர் தரும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். முகவரியே காணவில்லை என்றால் ரூட்டரை அணைத்துப் போடுங்கள்.

கம்பியை ஏன் முதலில் சொன்னேன்? பிராட்காம் போன்ற சில வைஃபை சில்லுகளுக்குத் தனி டிரைவர் தேவை. அந்த டிரைவரும் இணையத்திலிருந்துதான் இறங்க வேண்டும்! கம்பி இணைப்பு கிடைத்ததும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்பதைத் திறந்து, அது காட்டும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப்பை மறுபடி இயக்குங்கள். கேபிள் துளை இல்லாத லேப்டாப்புக்கு, கைப்பேசியை யு.எஸ்.பி. வயரில் இணைத்து 'டெதரிங்' போட்டால் போதும். லினக்ஸ் அதையும் கம்பி இணைப்பாகவே ஏற்கும்.

இனி வைஃபை. விமானப் பயன்முறை அணைந்திருக்கிறதா பாருங்கள். சில லேப்டாப்புகளில் வைஃபைக்குத் தனி விசை உண்டு. கடவுச்சொல் தவறு என்று வந்தால், விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்று கவனியுங்கள். நம் வீடுகளில் அடிக்கடி நேர்வது இது. ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் இருந்தால், கனத்த சுவருக்கு அப்பால் 2.4 நன்றாக எட்டும். அருகிலிருந்தால் 5 வேகமானது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் கையாலேயே செய்ய விடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.