கோட்டைத் துரத்தாதே

டீ ஆறட்டும் தம்பி, அவசரமில்லை. காலையில் அந்தக் காலேஜ் பையனுக்கு நீ ஃபேட் வெட்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காதுக்கு மேலே ஒரு கோடு விழுந்தது. அதை அழிக்கப் போய் மெஷினை மேலே ஏற்றினாய். கோடு அழியவில்லை, வீடு மாறி மேலே குடியேறியது. லோ ஃபேட் கேட்டு உட்கார்ந்தவன் ஹை ஃபேட்டோடு எழுந்து போனான். நல்ல பையன், ஒன்றும் சொல்லவில்லை.

ஃபேட் என்றால் முடி கீழிருந்து மேலே படிப்படியாக நீள வேண்டும். அப்படியானால் கோடு என்றால் என்ன? கீழே 1 மில்லிமீட்டர் முடி, ஒட்டினாற்போல் மேலே 6 மில்லிமீட்டர் முடி. நடுவில் படியே கிடையாது. நம்ம ஊர் முடி கருகருவென்று அடர்த்தியாக இருப்பதால் அந்தத் தாவல் பளிச்சென்று தெரியும். ஆகவே மேலே ஏறாதே. நடுவில் படி கட்டு.

படி கட்டத்தான் மெஷினில் மாட்டும் நம்பர் சீப்பு. ஒன்றாம் நம்பர் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, அரை நம்பர் 1.5. இவற்றுக்கும் இடையே நுழைய ஒரு வழி இருக்கிறது: மெஷின் பக்கவாட்டில் இருக்கும் லீவர். மூடினால் ஒட்ட வெட்டும், திறந்தால் சற்று விட்டு வெட்டும். வித்தியாசம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், ஃபேட்டின் உயிரே அதில்தான். காலையில் நீ அதைத் தொடவேயில்லை.

என் அப்பா கையால் அழுத்தும் மெஷினில் வெட்டினார். பாதி முடியை அது பிடுங்கும். அமெரிக்காவில் லியோ வால் 1919-லேயே மின்சார கிளிப்பர் செய்யத் தொடங்கிவிட்டார். நம் தெருவுக்கு வர அதற்கு அவசரம் இருக்கவில்லை. ஃபேட்டும் அங்கிருந்து வந்ததுதான்: பட்டாளத்து கிராப், கறுப்பினத்தவரின் சலூன்களில் மெருகேறியது.

சரி, வேலைக்கு வா. முதலில் இரண்டாம் நம்பரில் சுற்றிலும் எடு. பக்கவாட்டுத் தலை உச்சியை நோக்கி வளையும் இடத்தில் நின்றுவிடு. அப்புறம் சீப்பைக் கழற்றி, லீவரைத் திறந்து, கீழிருந்து காதுக்கு ஒரு விரல் மேலே வரை. இப்போது ஒரு கோடு விழும். விழட்டும், இது நீயே போட்ட கோடு. அதற்கு மேல் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் ஒன்றாம் நம்பர், லீவர் திறந்து. அதில் கீழ்ப்பாதிக்கு லீவர் மூடி. பிறகு கோட்டின் மேலேயே அரை நம்பர், முதலில் திறந்து, பிறகு மெல்ல மூடிக்கொண்டே. கடைசியாக ஓரத்தில் லீவரை முழுக்க மூடி ஒட்ட எடு. அங்கே விழும் சின்னக் கோட்டை லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கரை.

கை எப்படிப் போக வேண்டும் தெரியுமா? மாவைக் கரண்டியில் அள்ளுவது போல. தலையில் பட்டவுடன் மணிக்கட்டு வெளியே திரும்ப வேண்டும். நீ சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல நேராக இழுக்கிறாய். மெஷின் தலையை விட்டு விலகாவிட்டால் அது நிற்கும் இடத்தில் கோடு விழாமல் என்ன செய்யும்?

பின்னந்தலை எலும்புப் புடைப்புக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும். மெஷின் அதில் சரியாகப் படியாது, முடி தங்கிக் கறுப்பாகத் தெரியும். அங்கே மெஷினின் முனையை மட்டும் பயன்படுத்து. பிடரியில் முடி குறுக்கே வளரும். அது எந்தப் பக்கம் படிகிறதோ அதற்கு எதிராகப் போ.

எதையும் திருத்துவதற்கு முன் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கண்ணாடியில் கண்ணைச் சுருக்கிப் பார். பாதிக் கறுப்பு வெட்டி விழுந்த முடிதான். மிச்சக் கறுப்பை மட்டும் தொடு, சுற்றியிருப்பதை விட்டுவிடு.

அதோ, ஆள் வந்துவிட்டார். நீ போ. லீவரைத் திறந்து வைத்துக்கொண்டே ஆரம்பி. நான் டீக்காசு கொடுத்துவிட்டு வருகிறேன்.