வாடகை வீட்டின் கூரை பெயர்ந்து விழுந்தால் யார் பொறுப்பு?

ஒரு மழைக்காலத்தில் நம் அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர். மேல் கூரையின் காறை ஊறிப்போயிருக்கிறது என்று ஆறு மாதமாக வீட்டுக்காரரிடம் சொல்லி வந்திருக்கிறார். ஓர் இரவில் அது பெயர்ந்து, தூங்கிக்கொண்டிருந்த மகளின் கை மேல் விழுந்தது. எலும்பு முறிவு.

வீட்டுக்காரரும் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்தான். இருவரையும் உட்கார வைத்துப் பேசினோம். மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை கொடுத்தார். "இனி எந்த வழக்கும் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டார். சாட்சிக் கையெழுத்து நம்முடையது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது; மறுபடி அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. மேற்கொண்டு பணம் கேட்டபோது வீட்டுக்காரர் அந்தத் தாளைக் காட்டினார். சமாதானம் செய்துவைக்கும் ஆசையில் நாம் அவசரப்பட்டுவிட்டோம். அந்தத் தவறு இன்னொரு குடும்பத்துக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கட்ராபாளையம் தந்த பாடம்

2024 செப்டம்பர் 12 அதிகாலையில் மதுரை பெரியார் பேருந்து நிலையம் அருகே கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்ததையும், இரண்டு பெண்கள் புகையிலும் தீயிலும் சிக்கி இறந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். பழைய கட்டடம் அது. அதை இடிக்கச் சொல்லி மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது என்ற செய்தி அதன் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. உள்ளே மாத வாடகை கொடுத்துத் தங்கியிருந்த பெண்கள் அந்த நோட்டீஸைப் பார்த்திருப்பார்களா? ஆபத்து எழுத்தில் இருந்தும், அது சேர வேண்டியவர்களிடம் சேராமல் போகிறது. நம் ஊரில் சுண்ணாம்புக் காறையும் மரச்சட்டமும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் ஏராளம். ஐப்பசி மழை பிடித்தால் அவற்றில் குடியிருப்போருக்கு வயிற்றில் நெருப்புத்தான்.

பழுது பார்ப்பது யார் கடமை?

தமிழ்நாட்டில் பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் அட்டவணை யாருக்கு எந்த வேலை என்று பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள், வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கதவுக் கைப்பிடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. கூரையும் சுவரும் ஒயரிங்கும் நம் தலையில் இல்லை என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே வேலையைச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ள இச்சட்டத்தில் வழி உண்டு. அதற்கு வரம்பு இருக்கிறது. எனவே ஆலோசனை கேட்காமல் வாடகையை நிறுத்திவிட வேண்டாம். வாடகை பாக்கி என்ற பெயரில் நம்மையே வெளியேற்ற அது காரணமாகிவிடும். குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுத்தில் அறிவித்துவிட்டுக் காலி செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

இந்த வழிகளுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதன் பதிவும் வேண்டும். நம் மக்களில் பலர் வாய்ப்பேச்சிலேயே குடியேறுகிறார்கள். ஒத்திக்கு இருப்பவர் நிலை இன்னும் சிக்கல்: கழிப்பதற்கு மாத வாடகையும் இல்லை, கொடுத்த மொத்தப் பணமும் வீட்டுக்காரர் கையில். அது திரும்ப வராதோ என்ற பயத்திலேயே விரிசல் விட்ட சுவரடியில் வருடக்கணக்கில் படுத்துக் கிடக்கிறார்கள்.

காயம் பட்டால்

ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் காயத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. அது அலட்சியத்தால் விளைந்த தீங்கு. உரிமையியல் நீதிமன்றத்தில் 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். உயிரிழப்பு என்றால் வாரிசுகள் 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவிலும், உயிருக்கு ஆபத்தான அலட்சியத்தால் காயம் ஏற்பட்டால் 125-ஆம் பிரிவிலும் காவல்துறை வழக்குப் பதியலாம்.

டெல்லி சாந்தினி சௌக்கில் நகராட்சியின் மணிக்கூண்டு இடிந்து மக்கள் இறந்த வழக்கில், 1966-இல் உச்ச நீதிமன்றம் நகராட்சியையே பொறுப்பாக்கியது. 80 ஆண்டுப் பழமையான கட்டடம். அதன் சாந்துக்கு ஆயுளே 40, 45 ஆண்டுதான். பழுது எங்களுக்குத் தெரியாது என்ற வாதம் எடுபடவில்லை. அது தெருவில் போனவர்களைப் பற்றிய தீர்ப்பு. வீட்டுக்குள் குடியிருப்பவர் வழக்கில், "உரிமையாளருக்குப் பழுது தெரியுமா? தெரிந்தும் சும்மா இருந்தாரா?" என்ற கேள்வி எழும். அதற்குப் பதில் நம் கையிலுள்ள காகிதம்தான்.

ஹனஃபி ஃபிக்ஹ் நூல்களில் சாய்ந்த சுவர் பற்றித் தனியே ஒரு மஸ்அலா உண்டு. தெருப்பக்கம் சாய்ந்த சுவரை இடிக்கும்படி உரிமையாளரிடம் சொல்லி, சாட்சியும் வைத்து, அவருக்கு இடிக்க வசதியும் அவகாசமும் இருந்தும் இடிக்காமல் விட்டு, அது யார் மேலாவது விழுந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டும். சொன்னதற்குச் சாட்சி வேண்டும் என்பதை நம் முன்னோர்கள் என்றோ எழுதி வைத்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியவை

1. பழுதைக் கண்டதும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பிலும், ஒப்புகை வரும்படி தபாலிலும் தெரிவியுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

2. பதில் இல்லையென்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ, கிராமமானால் ஊராட்சியிலோ மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

3. அடிபட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய், எங்கே எப்படி நடந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். "கீழே விழுந்துவிட்டாள்" என்று வீட்டுக்காரருக்காகச் சொல்லும் ஒரு வார்த்தை விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு அழிக்க முடியாது.

4. இடிபாட்டைக் கூட்டி அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது பெறுங்கள். மருந்துச் சீட்டு, ஆட்டோக் கட்டணம், வேலைக்குப் போகாத நாள்களின் கூலிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

5. சிகிச்சை முழுமையாக முடியும்வரை, "இனி கோரிக்கை இல்லை" என்ற எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். உதவிப் பணம் தந்தால், "சிகிச்சைச் செலவில் ஒரு பகுதி" என்று எழுதி வாங்குங்கள்.

6. வக்கீல் கட்டணம் கொடுக்க வழியில்லையே என்று ஒதுங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

குடியிருப்பவருக்கும் கடமை இருக்கிறது. ஒரே பிளக்கில் மூன்று சாதனங்களைச் சொருகுவது, ஊறிய கூரை மேல் தண்ணீர்த் தொட்டி வைப்பது எல்லாம் நம் தவறு. அந்த அளவுக்கு இழப்பீடும் குறையும்.

நமக்கும் ஒரு வார்த்தை

2017-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு பெற்ற வக்ஃபு சொத்துகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. பள்ளிவாசல் கடைகளிலும் வக்ஃபு வீடுகளிலும் குறைந்த வாடகைக்கு இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வாடகை குறைவு என்பதைச் சொல்லிக் கூரையைப் பார்க்காமல் விடுகிறோம். அந்த விலக்கு நம்மை அல்லாஹ்விடம் காப்பாற்றாது. காயம் பட்டவர் வழக்குத் தொடுப்பதையும் அது தடுக்காது. முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் மழைக்கு முன் ஒரு பொறியாளரை அழைத்து நம் கட்டடங்களைப் பார்க்கச் சொல்வது அவசியம். இந்த ஆண்டு நம் டிரஸ்ட்டின் கட்டடங்களில் இருந்தே இதைத் தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தச் சகோதரியின் மகளுக்கு இரண்டாவது சிகிச்சை முடிந்துவிட்டது. செலவை டிரஸ்ட் ஏற்றுக்கொண்டது. உண்மையில் அது வீட்டுக்காரர் கொடுத்திருக்க வேண்டிய பணம். வேறு யாருக்கோ போய்ச் சேர வேண்டிய ஜகாத்தும் சதக்காவும் அதில் செலவாயின. இனி ஜமாஅத்தில் பேசி முடிக்கும் எந்தக் காய வழக்கிலும், டாக்டரின் இறுதிச் சீட்டைப் பார்க்காமல் நாம் சாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லை.