மேடைக் கல்லை நனைத்து வெட்டுங்கள்

சமையலறையைப் புதுப்பிக்கக் கிளம்பியவர்கள் கிரானைட் கடையில் நிறம் பார்ப்பதிலேயே பாதி நாளைக் கழித்துவிடுகிறார்கள். பார்க்கத்தான் வேண்டும், வருடக்கணக்கில் கண்முன்னே இருக்கப்போகிற கல். ஆனால் அது வீட்டில் வந்து இறங்கியபின் சிங்க்குக்கும் அடுப்புக்கும் இடம் விட்டு அறுக்கிறார்களே, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன்.

காரணம், குவார்ட்ஸ் என்னும் கனிமம். வேதியியலில் அது சிலிக்கன் டை ஆக்சைடு. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரணக் கத்தி அதைக் கீறாது. புளியும் எலுமிச்சையும் அதை அரிக்காது. கிரானைட் மேடை காலத்துக்கும் உழைப்பதில் குவார்ட்ஸுக்கும் அதன் துணையான பெல்ஸ்பாருக்கும்தான் பங்கு. பளிங்கு அப்படியல்ல. அது கால்சியம் கார்பனேட், கடினம் 3தான். புளிக்கரைசல் சிந்திச் சற்று நேரம் நின்றால் அந்த இடத்தில் மெருகு போய்விடும். மேடைக்கு அடியில் தாங்கலாக வைக்கும் கடப்பா கல்லும் சுண்ணாம்புப் பாறை வகைதான். சந்தேகமான கல்லாக இருந்தால் துண்டு ஒன்று வாங்கி வந்து, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள்.

கிரானைட் என்று விற்கிற எல்லாக் கல்லிலும் குவார்ட்ஸ் ஒரே அளவில் இருப்பதில்லை. நல்ல கிரானைட்டில் அது ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பகுதியில் எடுக்கும் கறுப்புக் கல்லோ, நிலத்தடி வெடிப்புகளில் பாறைக்குழம்பு ஏறி உறைந்தது. அதில் குவார்ட்ஸ் சொற்பம். இப்போது பரவலாகிவரும், ‘குவார்ட்ஸ்’ என்றே விற்கப்படும் செயற்கைக் கல் மறு எல்லை. குவார்ட்ஸ் பொடியைப் பாலியெஸ்டர் பிசினோடு கலந்து, அழுத்தி, சூடேற்றி இறுக்குகிறார்கள். பொதுவாக அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் குவார்ட்ஸ்தான். பிசின் இருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை அப்படியே அதன்மேல் வைக்கக் கூடாது. கருகித் தழும்பு விழும். கிரானைட் அந்தச் சூட்டைத் தாங்கும்.

பதித்து முடித்த மேடையில் குவார்ட்ஸ் யாருக்கும் கெடுதல் செய்யாது. உலர்ந்த கல்லில் வைரப்பல் வட்டு பாயும்போதுதான் ஆபத்து. அப்போது எழும் வெண்புகையில் கண்ணுக்குத் தெரிகிற தூசு சீக்கிரம் கீழே படிந்துவிடும். 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களோ காற்றிலேயே மிதந்து, நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்ச் சேர்கின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் தாமே மடிகின்றன. வெளிவந்த துகளை அடுத்த அணு விழுங்குகிறது. இப்படியே அழற்சி தொடர்ந்து, மென்மையான திசு வடுவாக இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். அந்த வடுவைக் கரைக்க மருந்தில்லை. காசநோய் எளிதில் பற்றவும் இது வழி விடுகிறது.

கலிபோர்னியாவில் செயற்கைக் கல் அறுத்ததால் இந்நோய்க்கு ஆளான 52 பேரைப் பற்றி 2023-இல் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. அவர்களின் இடைநிலை வயது 45தான். பத்துப் பேர் இறந்திருந்தார்கள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் பதிக்கவும் தடை விதித்தது. நாடு முழுவதும் இப்படித் தடுத்த முதல் நாடு அதுதான். அங்கே இயற்கைக் கிரானைட்டுக்குத் தடை இல்லை. அதற்காக அதன் தூசு தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. நம் ஊரில் பூட்டிய அடுக்களைக்குள், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கிரானைட்டை அறுக்கும் தொழிலாளி சுவாசிப்பதும் இதே சிலிக்காவைத்தான். இவ்வளவு நுண்ணிய துகளைத் துண்டு தடுக்காது.

வட்டு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் தூசின் பெரும்பகுதி கிளம்பும் இடத்திலேயே சேறாகிவிடும். கல் பட்டறைகளில் இதற்கான இயந்திரம் உண்டு. பிறகு ஏன் வீட்டில் வைத்து அறுக்கிறார்கள்? பெரும்பாலும் சிங்க்கும் அடுப்பும் கடைசியில்தான் வாங்கப்படுகின்றன; அளவு தெரியாமல் பட்டறையில் எப்படித் துளை போடுவது? ஆகவே கல்லுக்கு முன்பே அவற்றை வாங்கி, அளவு அட்டையோடு பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

துளையிட்ட கல்லைக் கொண்டுவரும்போது உடையும் என்று சிலர் தயங்குவார்கள். நியாயமான பயம்தான். கல் நசுக்கலைத் தாங்கும் அளவுக்கு வளைவைத் தாங்காது. வளையும்போது விசை கூரான உள்மூலைகளில் குவிகிறது. 1913-இல் இங்கிலிஸ் என்ற பொறியியலாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அதனால்தான் நல்ல வேலைக்காரர் நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டு, அப்புறம் அவற்றை நேர்க்கோட்டில் இணைக்கிறார். கல்லைப் படுக்கவைத்துத் தூக்காமல் செங்குத்தாக நிறுத்தித் தூக்கினால் சிங்க்கின் முன்னுள்ள ஒல்லிப் பட்டையும் தப்பிக்கும்.

வீட்டில் அறுத்தே ஆக வேண்டுமென்றால் வெளியே திறந்த இடத்தில், தண்ணீர் ஊற்றியபடி, என்95 முகக்கவசத்தோடு செய்யச் சொல்லுங்கள். கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். தேங்கிய சேற்றை ஈரம் காயும் முன் வழித்து எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் துடைப்பத்தால் பெருக்கினால் அதே தூசு மறுபடியும் எழும்.