கொசுவைக் கணக்குப் போட்டு விரட்டலாம்!

ஊரில் ஒரு கொசுகூட மிஞ்சாமல் அழித்தால்தான் மலேரியா ஒழியுமா? "அதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். நடக்காதுதான். ஆனால், அது தேவையே இல்லை என்கிறது கணக்கு!

இந்தக் கணக்கைப் போட்டவர் டாக்டர் ரொனால்டு ராஸ். அல்மோராவில் பிறந்த வெள்ளைக்காரர். 1897 ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தவர் இவரே. 1902-ல் நோபல் பரிசும் பெற்றார்.

"எவ்வளவு கொன்றாலும் கொஞ்சம் கொசு மிஞ்சத்தானே செய்யும்?" என்று பலர் அவரை மடக்கினார்கள். ராஸ் பேனாவை எடுத்தார். மொரீஷியஸ் தீவின் மலேரியா பற்றி 1908-ல் வெளியிட்ட அறிக்கையில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

கணக்கு இதுதான். 10 நோயாளிகளிடம் இருந்து கொசு மூலம் 12 பேருக்குத் தொற்றினால் நோய் பெருகும். 8 பேருக்குத்தான் தொற்றியது என்றால்? அடுத்த சுற்றில் 6, அப்புறம் 5 என்று தேய்ந்துபோகும். வரவைவிடச் செலவு கூடிய கடை எத்தனை நாள் தாங்கும்? அதே கதைதான். கொசுவை அந்த அளவுக்குக் குறைத்தால் போதும்.

10 நாள் ரகசியம்

1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்டு என்ற ஆங்கிலேய டாக்டர் இன்னொரு சூட்சுமத்தைச் சொன்னார். நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. அதன் உடம்பில் கிருமி முற்றுவதற்குச் சுமார் 10 நாள் பிடிக்கும். அதற்குள் கொசு செத்தால் கிருமியும் காலி!

நூறு கொசுவில் தினமும் பத்தில் ஒரு பங்கு செத்தால், 10 நாள் கழித்து 35 மிஞ்சும். பத்தில் மூன்று பங்கு செத்தால் மிஞ்சுவது 3 தான்! ரத்தம் குடித்த கொசு சுவரில் உட்காரும். வீட்டுச் சுவரில் மருந்து அடிப்பது இதற்காகத்தான்.

கொசுவலைக்கும் கணக்கு உண்டு. கிருமியை வாங்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி. கடியைப் பாதியாகக் குறைத்தால், நோய் பரவுவது கால் பங்காகிவிடும்.

அசந்தால் ஆபத்து!

1963-ல் இலங்கையில் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். "ஒழிந்தது சனியன்" என்று மருந்து அடிப்பதைத் தளர்த்தினார்கள். கொசு பெருகியது. 1969-ல் மட்டும் 5 லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள்!

நம் நாட்டிலும் 1961-ல் சுமார் 50 ஆயிரமாக இருந்த மலேரியா, 1976-ல் 64 லட்சத்தைத் தாண்டியது. டி.டி.டி.க்குக் கொசு பழகிக்கொண்டதும் ஒரு காரணம். நோயாளி குறைந்துவிட்டார்கள் என்று கொசுவை விட்டுவிட்டால், மிச்சமிருக்கும் சிலரே போதும்.

இலங்கை அந்தப் பாடத்தைப் படித்தது. விடாமல் போராடி, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கியது.

சென்னைவாசிகள் கவனிக்க: இங்கே மலேரியாவைப் பரப்புவது சாக்கடைக் கொசு அல்ல. கிணற்றிலும் மொட்டை மாடித் தொட்டியிலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும் அனாபிலஸ் கொசு.

கார்ப்பரேஷன்காரர் வந்து பார்க்கட்டும் என்று இருக்காதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் மாடி ஏறிப் பாருங்கள். தொட்டிக்கு மூடி இருக்கிறதா?